பூவிழியின் வடிகட்டி

மாப்பிள்ளை வீட்டார் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதில்லை, பெண்ணின் மூக்கு வடிகட்டியைத்தான் கேட்கிறார்கள். காற்று கெட்டுப்போனதிலிருந்து எல்லோர் மூக்கிலும் வடிகட்டிதான். அதில் படிந்த தூசியைச் சோதித்தால், அவள் எந்தெந்த உலோகத்தைச் சுவாசித்து வளர்ந்தாள் என்று தெரிந்துவிடும். ஆய்வகத்திலிருந்து முடிவு வரத் தாமதமானதால், திருமணத் தகவல் மையம் நடத்திய தணிகாசலம் தூசியில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ரே நிறமாலைமானி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கினார்.

கருவியைப் பொருத்த வந்த பொறியாளர், "ஓட்டிப் பார்க்க ஒரு வடிகட்டி குடுங்க சார்" என்றார்.

தணிகாசலம் மகள் பூவிழியைக் கூப்பிட்டார். அவளுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். சிரித்துக்கொண்டே தன் வடிகட்டியைக் கழற்றிக் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் திரையில் நஞ்சான ஈயத்தின் கோடு உச்சிக்கு ஏறி நின்றது.

"இதை அழிச்சிடுங்க" என்றார் தணிகாசலம்.

"முடியாது சார். வடிகட்டியில பதிஞ்சிருக்கிற பேரோட முடிவு அப்பவே இணையத்துல ஏறியிருக்கும்."

யாரும் முடிவைத் திருத்தக்கூடாது என்று அந்த வசதியைக் கேட்டு வாங்கியவரே தணிகாசலம்தான்.

மாலையில் மாப்பிள்ளையின் அப்பா அழைத்தார். பூவிழியே போனை எடுத்தாள்.

"பாத்தேன் மாமா. நீங்க சொல்லவே வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கருவியை மறுபடி இயக்கிவிட்டு, அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"உங்களோடதையும் குடுங்கப்பா. ஒரே வீட்டுக் காத்துதானே."

தணிகாசலத்தின் கை தானாகவே மூக்கைப் பொத்திக்கொண்டது.