மேய்ச்சல் நேரம்

ஆமையின் ஓட்டில் ஒட்டிய கருவி மூன்றே விஷயங்களைச் சொல்லும். ஓடு அசையாவிட்டால் ஓய்வு. சீராக அசைந்தால் நடை. நின்ற இடத்திலேயே லேசாக அதிர்ந்தால் மேய்ச்சல். இந்த விதியை வகுத்தவளே ஆய்வு மாணவி சௌந்தரிதான். ஏழாம் எண் ஆமை ஆறு நாளாக இரவும் பகலும் மேய்வதாக வரைபடம் காட்டியதும், அவளுடைய பேராசிரியர் அதையே மாநாட்டுக் கட்டுரையின் தலைப்பாக்கி அனுப்பிவிட்டார்.

இன்று கருவியைக் கழற்ற வந்தபோது, புதரை எட்டுவதற்கு முன்பே நாற்றம் அவள் தொண்டையில் ஏறியது. வனக்காவலர் சடையன் குச்சியால் ஓட்டைப் புரட்டினார். உள்ளே ஆமை இல்லை. வெள்ளைப் புழுக்கள் உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தக் கொதிப்பில் ஓடு லேசாக அதிர்ந்தது.

“மேயுது மேயுதுன்னு சொன்னீங்களே மேடம், இதுங்கதான் மேயுது,” என்றார் சடையன், துண்டால் மூக்கைப் பொத்தியபடி.

சௌந்தரி குமட்டலை அடக்கிக்கொண்டு பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“கட்டுரையை ஏத்துக்கிட்டாங்கம்மா, காலையிலதான் மெயில் வந்துச்சு. நீ கருவியை மட்டும் நல்லா கழுவிடு.”

அதுவரை அடங்கியிருந்த வாந்தி அப்போதுதான் வந்தது. சடையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதில் ஒரு மடக்குதான் இருந்தது. வாயைக் கொப்பளித்தால் கருவிக்கு மிஞ்சாது.