பண்டிகைச் செங்கல்

"இது பொய் லோடு. கணக்கை மூடிடு, ஷுலான்" என்றார் மேலாளர் சியூ, தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகியபடி.

சீனாவின் குய்யாங் நகரத்தில், லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் செயலி நிறுவனம் அது. எந்த லாரி எங்கே காலியாக நிற்கிறது, எந்தச் சரக்கு எங்கே காத்துக் கிடக்கிறது என்று கணினியே பார்த்து, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடும். யாராவது தில்லுமுல்லு செய்தால் அதையும் காட்டிக் கொடுத்துவிடும். அப்படி மாட்டியவர்களை விசாரிப்பதுதான் மெங் ஷுலானின் வேலை.

இன்று காலை மாட்டி, கணக்கு தற்காலிகமாக முடங்கியவர் டிரைவர் பான் சிங்லின். ஒரே ஆள் அனுப்புகிறார், ஒரே லாரி ஏற்றுகிறது, மலைமேல் ஒரே வீட்டில் போய் இறங்குகிறது. சரக்கு என்னவென்றால், அரை லாரிகூட நிரம்பாத செங்கல். சரி, போகட்டும். அனுப்பியவரின் ஃபோன் அனுப்பிய ஊரிலேயே அல்லவா கிடக்க வேண்டும்? அது ஒவ்வொரு தடவையும் லாரியோடு சேர்ந்து மலையேறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

"இவனே அனுப்பி இவனே ஏத்திக்கிறான். லோடு கூடக்கூட செயலியில மதிப்பு ஏறும்ல, அதுக்குத்தான். பார்க்காத திருட்டா?" என்றார் சியூ. "விதிப்படி, சரக்கு வாங்குறவரை ஒரு வார்த்தை கேட்டுக்க. தேவையில்லேன்னு சொன்னா மூடிடு."

அவள் கேட்பதற்கு முன்பே டிரைவர் கூப்பிட்டுவிட்டார்.

"தங்கச்சி, காலையிலேருந்து செயலி திறக்க மாட்டேங்குது. நாளைக்கு நிலாப் பண்டிகை. சாயங்காலத்துக்குள்ள நான் மலையேறியாகணும்."

"அண்ணே, ரெண்டு ஃபோனும் உங்க சட்டைப் பையிலதானே இருக்கு?"

டிரைவரின் குரல் இறங்கி வந்தது.

"மலை மேல இருக்கறது எங்கப்பா, தங்கச்சி. பேச்சை மீறி லாரி வாங்கினேன்னு கோபம். 'இனிமே மகனா என் வாசலை மிதிக்காதே'ன்னுட்டார். மகனாத்தானே மிதிக்கக் கூடாது? டிரைவரா மிதிக்கலாமே. ஊர்ச் சீரமைப்புத் திட்டத்துல இலவசச் செங்கல்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டார், பாவம்."

ஷுலானுக்குச் சிரிப்பு வந்தது. "செங்கலை இறக்கிட்டு?"

"வந்தவனைப் பட்டினியா அனுப்பக் கூடாதுன்னு சோறு போடுவார். புளிப்பு மீன் குழம்பு. அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடுவேன். எனக்கு அது போதும்."

"அதுக்கு எதுக்குண்ணே செயலி? நேரா போக வேண்டியதுதானே?"

"உங்க சரக்கு வருதுன்னு அவர் ஃபோன்ல தகவல் வந்தாத்தான் கதவைத் திறப்பார். அது இல்லாம போய் நின்னா, நான் மகனாயிடுவேனே."

ஷுலான் திரையில் தேதிகளைப் பார்த்தாள். கல்லறை துடைக்கும் நாள், படகுப் பண்டிகை, வசந்த விழா. எல்லா லோடும் பண்டிகைக்கு முதல் நாள்.

"நான் அப்பாவைக் கேட்டே ஆகணும்ணே. அவர் வேண்டாம்னு சொல்லிட்டா என் கையில ஒண்ணுமில்ல."

"கேளு. ஆனா அனுப்பறது நான்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. ரோஷக்காரர். கதவைப் பூட்டிடுவார்."

அடுத்து ஷுலான் டிரைவரின் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். கிழவரின் குரல் கறாராக இருந்தது.

"செங்கலா? ஆமா, எனக்குத்தான் வருது. இன்னைக்கு ஏன் இன்னும் தகவலைக் காணோம்?"

"அதைத்தான் விசாரிக்கிறோம் ஐயா. வீடு ஏதும் கட்டுறீங்களா?"

"இருக்கற வீட்டுக்கே ஆள் இல்ல. இதுல இன்னொண்ணா?"

"அப்போ செங்கல் தேவையில்லையா?"

"தேவையில்லேன்னு நான் சொன்னேனா?"

அப்பனுக்குத் தப்பாத பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டாள். "கொண்டு வர்ற டிரைவரை உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"லாரிக்காரன். வருவான், இறக்குவான், தின்பான், போவான். அவனைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

சியூ தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூடியாயிற்றா என்று கையால் கேட்டார். இன்னும் இல்லை என்று ஷுலான் கையசைத்தாள்.

"ஐயா, எதுக்குச் செங்கல்னு நான் ஒரு காரணம் எழுதணும். இல்லேன்னா இனிமே லோடு வராது. லாரியும் வராது."

மறுமுனையில் எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. போச்சு, எல்லாம் கெட்டது என்று அவள் நினைத்தபோது குரல் வந்தது.

"மதில் கட்டறேன்னு எழுதிக்க, தாயி."

ஷுலான் அவசர அவசரமாக எழுதினாள். கணக்கைத் திறந்துவிட்டாள். திரையில் பான் சிங்லினின் லாரி பச்சையாக மாறி, மெல்ல நகரத் தொடங்கியது.

"லாரி கிளம்பிடுச்சு ஐயா" என்றாள் நிம்மதியாக. "மதில் எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"ஒரு வரிசைகூட வைக்கல. எந்த ஊர்ல தாயி இலவசமா செங்கல் குடுக்கறாங்க?" கிழவரின் குரல் இப்போது குழைந்திருந்தது. "அவன் கிளம்பின மறுநாளே எல்லாத்தையும் ஊர்க்காரங்களுக்குத் தூக்கிக் குடுத்துடுவேன். முற்றம் நிறைஞ்சு போச்சுன்னா, அடுத்த பண்டிகைக்கு என்ன சாக்குச் சொல்லி வருவான் என் புள்ள?"