கறிமீன்

ஐஸ் அறையில் படகுக்காரர் இஞ்ஞாசி, ஏலம் கூறும் சவரியம்மாள், வலை இழுக்கும் கஸ்பார், ஒரு கலவா மீன் ஆகியோர் இருந்தார்கள்.

வால்நட்சத்திரம் கடலில் விழுந்து பதினோரு நாள். கரையெங்கும் செத்த மீன் நாறிக் கிடந்தது. விழுந்த மறுநாள் பிடித்த இந்தக் கலவா மட்டும் ஐஸுக்குள் இன்னும் செவுளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“இதோட வந்த சின்னது எங்க?” என்றாள் சவரியம்மாள்.

வலை இழுத்தவனுக்கு அன்றைக்கே கறிமீன் கொடுத்தனுப்புவது வழக்கம்.

“எம் பங்கு. குழம்பு வச்சுத் தின்னாச்சு,” என்றான் கஸ்பார்.

“வயித்த ஏதும் பண்ணுதாலே?” என்றார் இஞ்ஞாசி.

“இல்ல மொதலாளி. தூக்கந்தான் வரல. பத்து நாளாச்சு.”

“வேலையில தூங்கித் தீத்தவன்லா நீ!”

இஞ்ஞாசி சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கஸ்பார் குனிந்து பார்த்தான். வந்ததிலிருந்து வெறுங்காலோடு ஐஸ்மேல்தான் நின்றிருக்கிறான். குளிரவே இல்லை.

சவரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

“நீயும் வாலே.”

“இங்கனயே இருந்து பாக்கேன். நாளைக்குக் காலைல திறங்க. விறைச்சுச் செத்துக் கிடந்தேம்னா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

இஞ்ஞாசி வற்புறுத்தவில்லை. கஸ்பார் சட்டையைக் கழற்றிவிட்டு மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, வெளியே பூட்டினார்கள்.