பிளக்கைத் திருப்பினால் பாட்டு மாறுமா?

"பிளக்கைத் திருப்பிச் சொருகினா பாட்டு மாறும்டி!" ஸ்டெனோ சேஷு போட்ட சத்தம் டில்லி சரோஜினி நகர் கோடிவரை கேட்டது.

"பிளக் எந்தப் பக்கம்னு கண்ணை மூடிண்டு கண்டுபிடியுங்கோ. தப்பினா ஆம்ப்ளிஃபயர் நாளைக்கே பழைய சாமான் வாங்கற கபாடிவாலாவுக்கு," என்றாள் மனைவி காமாக்ஷி.

ரெக்கார்டை ஓடவிட்டு, எட்டு தடவை இஷ்டத்துக்கு மாற்றிச் சொருகினாள். எட்டும் சரியாகச் சொன்னார். காமாக்ஷிக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அப்போதுதான் அவர் விரல் ஆம்ப்ளிஃபயரின் தகரப் பெட்டிமேல் இருப்பதைப் பார்த்தாள். தானும் தொட்டாள். பிளக் ஒரு பக்கமாக இருந்தால் லேசாக ஷாக் அடித்தது; திருப்பினால் இல்லை.

திருட்டு மனுஷர்! ஒன்பதாவது தடவை பிளக்கைத் திருப்பி, சத்தத்தையும் சுத்தமாகக் குறைத்துவிட்டாள்; பாட்டே கேட்கவில்லை.

"ஆஹா, இப்பத்தான் தேன்!" என்று தாளம் போட்டுத் தலையாட்டினார் சேஷு.

காமாக்ஷி ரெக்கார்டை நிறுத்திவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். மறு மாதம், காதால் கேட்டு எழுதும் அந்த உத்தியோகம் இனி முடியாது என்று அவரே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இருவரும் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார்கள்.