பதினோராவது பெல்

மறுபடியும் பெல். காலையிலிருந்து இது பத்தாவது தடவை.

சிஸ்டர் மாத்திரை ட்ரேயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். வார்டில் இருபது கட்டில், பார்த்துக்கொள்ள அவள் ஒருத்தி. கூட வரவேண்டியவள் லீவு. கால் ரெண்டும் விட்டுப்போயிருந்தது.

"இப்ப என்ன பெரியவரே?"

ஏழாம் நம்பரில் ரிட்டயரான லாரி டிரைவர். முறிந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வார்டில் அவருக்கு 'பெல் பெரியவர்' என்றே பேர்.

"ஃபேன் ரொம்ப வேகமா சுத்துது சிஸ்டர்."

"போன தடவை மெதுவா சுத்துதுன்னீங்க!"

"அப்படியா சொன்னேன்?" அசடு வழிந்தார். "சரி, வந்ததே வந்தீங்க. பக்கத்துல சாருக்கு ஏதாவது வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்களேன்."

எட்டாம் நம்பரில் ரிட்டயரான ஹெட்மாஸ்டர். தலைசுற்றல் என்று சேர்ந்தவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர், "பாத்ரூம்..." என்றார் தரையைப் பார்த்தபடி.

கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். இருந்த எரிச்சலெல்லாம் ஏழாம் நம்பர் மேல் திரும்பியது.

"சாரைப் பாருங்க. வந்து அஞ்சு நாளாச்சு, ஒரு தடவை பெல்லைத் தொட்டிருப்பாரா? நீங்களும் இருக்கீங்களே! போன மாசம் ஒருத்தர் விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. உங்க ஃபேனுக்கும் தலையணைக்கும் நான் ஓடிட்டிருக்கும்போது இன்னொருத்தர் விழுந்து வெச்சா, என் வேலைல்ல போகும்!"

சொன்னதோடு விடாமல் பெல் ஒயரைச் சுருட்டி, அவர் கைக்கு எட்டாத கம்பியில் மாட்டினாள்.

"அம்மா, அது மட்டும் வேண்டாம்மா..."

அவள் காதில் வாங்கவில்லை.

அரை மணி நேரம் நிம்மதி. அப்புறம் ஆரம்பித்தது.

"சிஸ்டர்! சிஸ்டர்! சீக்கிரம் வாங்க!"

கத்தட்டும் என்று சார்ட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

தடாலென்று சத்தம்.

சார்ட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் ஜக் உருண்டு கிடந்தது. ரெண்டு கட்டிலுக்கும் நடுவே ஹெட்மாஸ்டர் பாதி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார் பெல் பெரியவர். இழுபட்ட காலின் வலியில் அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஐயோ சார்! பெல் உங்க தலைமாட்டிலேயே இருக்கே, ஒரு அடி அடிச்சிருக்கக் கூடாதா?"

ஹெட்மாஸ்டர் பாத்ரூம் பக்கம் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த ஸ்ட்ரெச்சர்காரர் அவரைப் பிடித்து பாத்ரூமுக்கு அழைத்துப் போனார்.

கதவு சாத்தும்வரை காத்திருந்த பெரியவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஒரு பொம்பளப் புள்ளையைக் கூப்பிட்டு பாத்ரூம் போகணும்னு சொல்ல அவருக்குக் கூச்சம்மா. நீங்களா வந்து கேட்டாத்தான் சொல்வார். அதான், அவர் காலைக் கீழே வைக்கிறப்பல்லாம் நான் பெல்லை அடிச்சிடுவேன். ஃபேனெல்லாம் சரியாத்தாம்மா சுத்துது."