ஆறு நட்டுகள்

அந்த ஆமை முதுகுக் காரின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் மூடியைச் சுற்றி இருக்கும் ஆறு நட்டுகளையும் மெங்கெஷா மூன்றாவது தடவையாக முடுக்கினான். புதுச் செப்பு வாஷர், மரையில் பசை, எதிலும் குறை வைக்கவில்லை. மறுநாள் காலை, கீழே விரித்த அட்டையில் வழக்கம்போல ஆறு எண்ணெய்ச் சொட்டுகள் வட்டமாக இருந்தன.

காரின் சொந்தக்காரி அஸ்காலெ டீச்சர் அடிஸ் அபாபாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஆறு நட்ட முடுக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடா பட்டறை? சாயங்காலம் வண்டிய வேற எடத்துக்குக் கொண்டுபோறேன். அப்புறம் ஒருத்தன் உன் வாசல் மிதிக்க மாட்டான், பாத்துக்க!"

"முடுக்கினேன் டீச்சர்!"

"அப்ப இது என்ன, உன் கண்ணீரா?"

முடுக்கினோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. எஞ்சினையே கழற்றி, உள்ளே மேசையில் வைத்துவிட்டு, வெறும் காருக்கு அடியில் புது அட்டையை விரித்தான். இருவரும் முகம் கொடுக்காமல் மூன்று சுற்றுக் காப்பி குடித்தார்கள்.

பிறகு டீச்சர் குனிந்து பார்த்தார். அட்டையில் ஆறு சொட்டுகள் வட்டமாக இருந்தன. மெங்கெஷா தொட்டான். சுட்டது.

"நான் சொல்லல? நீ முடுக்கவே இல்ல!"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரோடு அடியில் படுத்தான். முதல் நட்டு இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் அதை நீட்டினான். ஸ்பேனர் எதையோ பிடித்தது. கால் சுற்று இறுகியது. அங்கிருந்து விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றது.

"ம், அடுத்தது" என்றார் டீச்சர்.