ஒன்பதாம் சீட்டு

“ஜீரோதாம்மா. புரோகிராம் நின்னுபோச்சு!”

“சார், கேள்வியில—”

“கேள்வி கேக்குறது நானு. நீ பதில் சொல்லு!”

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். சி மொழி பிராக்டிகல் தேர்வு. கடலூரிலிருந்து எக்ஸ்டெர்னல் எக்ஸாமினராக வந்த பஞ்சநாதன் சாருக்கு ஒன்றரை மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஸ்ரீமதிக்கு இதில் தேறினால்தான் சென்னையில் கிடைத்த வேலை.

சார் எழுதிக் கொண்டுவந்து, பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் குலுக்கி எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்த முப்பது கேள்விச் சீட்டும் மேசையில் கிடந்தன. ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மேலே அவருடைய காபி டம்ளர்.

“என்னம்மா எழுதி வச்சிருக்க? பேரண்ட் புரோகிராம் ஒரு சைல்டு புரோகிராமை ஓட விடுது. அது எழுதுறதைப் படிக்காம, அது முடியட்டும்னு காத்துக்கிட்டு நிக்குது.”

“ஆமா சார்.”

“நடுவுல இருக்குற பைப்பு எவ்ளோ புடிக்கும்? ரொம்பிடுச்சுன்னா சைல்டு மேற்கொண்டு எழுத முடியாம நிக்கும். அது முடியலன்னு இதுவும் நிக்கும். ரெண்டும் நாள் பூரா நிக்க வேண்டியதுதான்!”

“ஆமா சார், அதுக்குத்தான்—”

“குறுக்கப் பேசாத! பத்து வரின்னா பைப்பு தாங்கும். லட்சம் வரி யாராவது அனுப்புவாங்களா?”

“வேணும்னுதான் சார்—”

“வேணும்னே நிக்க வச்சாளாம்! கேட்டுக்கிட்டீங்களா மேடம்?” என்று கல்லூரியின் இன்டர்னல் எக்ஸாமினர் ஞானாம்பாளிடம் முறையிட்டார். “மொதல்ல படிச்சிடணும், அப்புறம்தான் காத்திருக்கணும். இதுகூடத் தெரியல!”

“ரெண்டாவது ஃபைல்ல அப்படித்தான் சார்—”

“ஒண்ணே நிக்குது, இதுல ரெண்டாவது வேறயா?” சார் பேனாவைத் திறந்தார்.

ஸ்ரீமதி டம்ளரைத் தூக்கி, அடியிலிருந்து தனக்கு வந்த ஒன்பதாம் சீட்டை உருவினாள். காபி ஈரத்தைத் துப்பட்டாவில் ஒற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

ஞானாம்பாள் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

சார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார். அவர் கையெழுத்தேதான்.

“ரெண்டு புரோகிராம்ல ஒண்ணு நிக்கணும், இன்னொண்ணு நிக்காம ஓடணும்னு கேட்டிருக்கீங்க. மொதல் ஃபைல் நிக்கலன்னாத்தான் சார் ஜீரோ” என்றாள் ஸ்ரீமதி.